கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?



"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும்?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. தானாகக் கற்றுக்கொள்ளாதவன் பிறர் சொன்னதை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது என்பது அதன் பொருள். இன்று நான் அந்தப் பழமொழியின் முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிறேன். கட்டிக் கொடுத்த சோறு உண்மையில் எத்தனை நேரத்துக்கு வரும்? எந்தச் சோறு வரும்? எந்தச் சோறு வராது? பயணம் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது இது. பயணம் போகாதவர்களுக்கும் இது வேண்டும். விடியுமுன் எழுந்து ஆக்கி, தூக்கில் போட்டுக்கொண்டு வெட்டுக்குப் போகிறவர்களுக்கு நாள்தோறும் கட்டுச்சோறுதானே?

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பத்துமலைக்கு லோரியில் போவோம். பின்னிரவு நான்கு மணிக்குப் புறப்பாடு. லோரியில் பாய் விரித்து, பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்துகொள்வோம். அம்மா எப்போதும் புளிச்சோறுதான் கட்டுவார். வாழையிலையில் பொட்டலம் பொட்டலமாக இருக்கும் அந்தச் சோற்றின் மணம், லோரி நகரும்போதே பசியைக் கிளப்பிவிடும். ஆண்டு பல அப்படியே போய்வந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை.

அந்த ஆண்டு மட்டும் சின்னம்மா, "எத்தனை வருஷத்துக்கு இந்தப் புளிச்சோறு? பிள்ளைகள் ஆசைப்படுதுங்க, தேங்காய்ப்பால் சோறு ஆக்கலாம் அக்கா" என்றார். அம்மாவும் சரியென்றார். காலையில் நேரமிராது என்று முதல்நாள் இரவு பத்து மணிக்கே ஆக்கினார்கள். ஆவி பறக்கும் சோற்றை இரண்டு தூக்குகளில் அமுக்கி, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மூடியும் போட்டார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு, படியேறி இறங்கிய களைப்பில், ஒரு மரத்தடியில் அமர்ந்து எல்லாரும் உண்டோம். சோற்றில் கெட்ட வாடை எதுவும் இல்லை. சுவையாகவே இருந்தது.

மணி இரண்டாவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. எனக்கு, அக்காவுக்கு, சின்னம்மாவுக்கு. எல்லாரையும்விட மோசமாக என் தம்பிக்கு. அவனுக்கு மூன்று வயது. மாலைக்குள் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். இரவு முழுதும் மருத்துவமனையில் கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். கண்ணேறு என்று சிலர் சொன்னார்கள். விரதத்தில் ஏதோ குறை என்று வேறு சிலர் சொன்னார்கள். தோட்டத்து டிரசர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சோற்றை எப்போது ஆக்கினீர்கள்?"

அந்தக் கேள்வியின் பொருள் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அரிசி மண்ணிலிருந்து வருகிறது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் அரிசியோடு ஒட்டிக்கொண்டே நம் வீட்டுக்கு வந்துசேர்கிறது. அதன் பெயர் பாசில்லஸ் சீரியஸ். இந்த நுண்ணுயிர் தனக்கு ஆபத்து வரும்போது கெட்டியான ஓடு கொண்ட வித்தாக மாறிக்கொள்ளும். சோறு கொதிக்கும்போது மற்றவை சாகும்; இந்த வித்து சாகாது. உலை இறங்கியபின் சோறு மெல்ல மெல்ல ஆறுகிறதல்லவா, அந்த இளஞ்சூட்டில் வித்து மீண்டும் முளைத்து உயிர்பெறும், பெருகும். பெருகும்போது ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு பொல்லாதது. சோற்றை மறுபடி சுடவைத்தாலும் அழியாது. அதை உண்டவருக்கு ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நாங்கள் பதினொரு மணிக்கு உண்டு, இரண்டு மணிக்கு வாந்தியெடுத்த கணக்கு இப்போது புரிகிறதா?

நுண்ணுயிர் பெருகுவதில் ஒரு கணக்கு உண்டு. நல்ல சூழல் கிடைத்தால் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகிறது. இரண்டு மணி நேரத்தில் 64. நான்கு மணி நேரத்தில் 4,096. ஆறு மணி நேரத்தில் இரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. எங்கள் வீட்டுச் சோறு பதின்மூன்று மணி நேரம் தூக்கில் இருந்தது!

நல்ல சூழல் என்றேனே, அது எது? 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம். குளிர்ப்பெட்டியின் குளிர்ச்சிக்குக் கீழே நுண்ணுயிர் சோம்பிக் கிடக்கும். கைபொறுக்காத சூட்டில் அது பெருகாது. இடையில் இருப்பதெல்லாம் அதற்குக் கொண்டாட்டம். நம் நாட்டு வெயிலோ நாள்தோறும் 32, 33 பாகை. ஆகவே நம் வீட்டு அடுப்படி மேடையும், பேருந்தின் இருக்கையும், வெயிலில் அடைத்து நிறுத்திய காரின் பின்புறமும் அதற்கு வளர்ப்புத் தொட்டில்தான்.

சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மூடிவைத்தது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தூக்கு சோற்றின் சூட்டை எத்தனை நேரம் காப்பாற்றும்? ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் சோறு சூடாகவும் இராது, ஆறியும் இராது. நடுவில் அமுங்கிய சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். மூடியில் மோதிய ஆவி நீராகிச் சோற்றின்மேலேயே சொட்டும். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்துவிட்டன. தேங்காய்ப்பால் வேறு ஊட்டமாக இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

அப்படியானால் அம்மாவின் புளிச்சோறு ஏன் இத்தனை ஆண்டும் எங்களைக் காப்பாற்றியது?

காரணம் புளி. புளியில் டார்டாரிக் அமிலம் என்ற புளிப்புச் சத்து நிறைய இருக்கிறது. நுண்ணுயிர்களுக்குப் புளிப்பு ஆகாது. உப்பும் எண்ணெயும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒவ்வொரு பருக்கையிலும் படிந்திருக்கும்போது அவை எளிதில் தலையெடுக்க முடிவதில்லை. புளிக்காய்ச்சல் சுண்டச் சுண்ட அதிலுள்ள நீரும் போய்விடுகிறது. நீரில்லாத இடத்திலும் நுண்ணுயிர் பெருகாது. ஊறுகாய் கெடாதிருப்பதும் கருவாடு கெடாதிருப்பதும் இதே காரணங்களால்தான். கோயிலுக்கும் திருவிழாவுக்கும் நடந்தே போன காலத்தில் நம் பாட்டிமார் புளிச்சோற்றைக் கட்டியதற்கு நாக்கின் சுவை மட்டும் காரணமில்லை. எந்தச் சோறு வழியில் கைவிடாது என்று பல தலைமுறை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது.

ஆனால் புளிச்சோற்றையும் முறையாகக் கட்டவேண்டும். முறையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

புளிக்காய்ச்சலை முதல்நாளே செய்துகொள்ளலாம். எலுமிச்சம்பழ அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கட்டும். வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும் கடைசியில் போடுங்கள். வெங்காயமும் தேங்காயும் வேண்டா. அவை ஈரம் உள்ளவை, விரைவில் கெடுபவை.

சோற்றை மட்டும் முதல்நாள் ஆக்கக்கூடாது. புறப்படும் அன்று அதிகாலையில் ஆக்குங்கள். பருக்கை பருக்கையாக உதிரும்படி வடித்து, அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்புங்கள். விசிறியின்கீழ் வைத்தால் சிறிது நேரத்தில் ஆறிவிடும். ஆறியபின் புளிக்காய்ச்சலைப் போட்டு எல்லாப் பருக்கையிலும் படும்படி கிளறுங்கள். ஒரு மூலையில் வெள்ளைச் சோறு தங்கிவிட்டால் அந்த மூலைக்குப் பாதுகாப்பு இல்லை. பிறகு நெருப்பில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். வாட்டினால் இலை கிழியாது, மடங்கும். வெளியே செய்தித்தாளைச் சுற்றலாம். உள்ளே சோற்றில் அச்சுமை படக்கூடாது. இப்படிக் கட்டிய புளிச்சோறு காலையிலிருந்து மாலைவரை தாங்கும். மறுநாளைக்கு என்று எடுத்து வைக்கவேண்டா.

இன்னொரு முக்கியமான செய்தி, கையைப் பற்றியது. பால்மரம் வெட்டுகிற கைகளிலும் செம்பனைக் குலை தூக்குகிற கைகளிலும் கீறலும் காயமும் இல்லாத நாளில்லை. சீழ்பிடித்த புண்ணில் ஸ்டபிலோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் குடியிருக்கும். அதுவும் உணவில் நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சும் சூட்டில் எளிதில் அழியாது. ஆகவே கையில் புண் உள்ளவர் அன்று சோறு கிளறவேண்டா. வீட்டில் வேறு யாராவது கிளறட்டும். வேறு வழியில்லையென்றால் புண்ணை நன்றாக மூடிக் கட்டி, கையுறை போட்டு, கரண்டியால் கிளறுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது எல்லாருக்கும் பொதுவான விதி.

மற்ற உணவுகளின் கதை என்ன? மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, சப்பாத்தி ஆகியவை நண்பகல்வரை தாங்கும். தயிர்ச்சோறு புளிப்பால் ஓரளவு காக்கப்படுகிறது. ஆனாலும் நண்பகலுக்குள் தீர்த்துவிடுங்கள். தேங்காய்ச் சட்டினி, பருப்புக் குழம்பு, சாம்பார் ஆகியவற்றை நெடும்பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அவித்த முட்டையை ஓட்டோடு எடுத்துப்போய்க் காலையிலேயே உண்ணுங்கள். வறுத்த கச்சானும் கடலையும் நாள்கணக்கில் கெடாதவை. உப்பில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. பழங்களில் வாழைப்பழமும் ஆரஞ்சும் சிறந்தவை. தோல் என்பது இயற்கை கட்டிக்கொடுத்த பொட்டலம். வெட்டிய பழத்துக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வெள்ளரிக்காயையும் முழுதாகக் கழுவி எடுத்துப்போய், உண்ணும்போது வெட்டிக்கொள்ளுங்கள்.

நாசி லெமாக் வேண்டவே வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏன் வேண்டாம்? காலையில் கடையில் சூடாகக் கிடைப்பதை வாங்கி அங்கேயே பசியாறுங்கள். வாங்கிப் பையில் வைத்து, மதியம் உண்ணலாம் என்று எண்ணாதீர்கள். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ணவேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு சொல்லிவருகிறது. கடைக்காரர் அதை எப்போது ஆக்கினார் என்பது உங்களுக்குத் தெரியாதே! திருவிழாவில் கிடைக்கும் அன்னதானத்துக்கும் இதுவே அளவு. ஆவி பறப்பதை வாங்கி உடனே உண்ணுங்கள். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வரவேண்டா.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் யாருக்காவது வாந்தியோ பேதியோ வந்துவிட்டால் என்ன செய்வது? பலர் முதலில் செய்வது தண்ணீரை நிறுத்துவது. "குடித்தால் மறுபடி வாந்தியெடுப்பான்" என்பார்கள். இது பெருந்தவறு. வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றிப்போவதுதான்.

1971-ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு நரம்பு ஊசிநீர் போதவில்லை. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டுகொண்டிருந்த நோயில், அவ்வாறு நீர் கொடுத்த இடத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே மாண்டார்கள். ஒரு தாயின் கையும் ஒரு குவளையும் அத்தனை உயிரைக் காத்தன.

அந்த நீரை நாமும் கலக்கலாம். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர். தேக்கரண்டியில் தலைதட்டிய சர்க்கரை ஆறு. உப்பு அரைத் தேக்கரண்டி. இவ்வளவுதான். உப்பைக் கூட்டிவிடாதீர்கள், கூடினால் குழந்தைக்குத் தீங்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இருந்தால் அளவு தவறாது. இரண்டு பொட்டலத்தைப் பயணப்பையில் எப்போதும் வைத்திருங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டா. எதைக் கொடுத்தாலும் தங்காமல் போனாலோ, கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை துவண்டு தூங்கிவழிந்தாலோ, திருவிழாவை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நேயர்களே, பயணத்தில் கெட்ட சோறு ஒரு நாளில் தன் வேலையைக் காட்டிவிடுகிறது. இன்னொரு பகை ஓசையில்லாமல் பல ஆண்டுகளாக நம்மோடு பயணம் செய்கிறது. அதுதான் நீரிழிவு.

2019-ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31.4. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! அதைவிடக் கவலை தருவது, நீரிழிவு உள்ள மலேசியர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தமக்கு அந்த நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள் என்பது. உங்கள் குடும்பத்தில் ஆறு பெரியவர்கள் ஒரு வண்டியில் பயணம் போனால், அவர்களில் இருவருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பயணத்தில் சர்க்கரை எப்படி உள்ளே போகிறது? பெரும்பாலும் குவளை வழியாகத்தான். வண்டி நிற்கும் இடமெல்லாம் ஒரு தே தாரிக், ஒரு சீராப், ஒரு டின் குளிர்பானம். தேநீரில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானம் ஒரு 320 மில்லிலிட்டர் டின் குடித்தால் 32 கிராம்; அதாவது எட்டுத் தேக்கரண்டி. வீட்டில் யாராவது உங்கள் தேநீரில் எட்டுக் கரண்டி சர்க்கரை போட்டால் குடிப்பீர்களா? இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இனிப்புப் பானங்களைக் குறைக்கவேண்டும் என்றுதான் 2019 ஜூலை முதல் நாளிலிருந்து அவற்றின்மேல் நம் அரசாங்கம் தனி வரியே விதித்தது.

கடையில் உட்கார்ந்ததும் "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள். முதல் வாரம் நாக்கு முறைத்துக்கொள்ளும். "கூராங் மானிஸ்" என்று தொடங்கி மெல்லக் குறைத்தாலும் சரி. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புட்டியில் காய்ச்சி ஆறிய நீர். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்த நீர் போதவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

தட்டுக்கும் ஓர் எளிய அளவு உண்டு. "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று சுகாதார அமைச்சு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு, அரைப்பங்கு காய்கறியும் பழமும். நம் கட்டுச்சோற்றுக்கும் இது பொருந்தும். புளிச்சோற்றுப் பொட்டலத்தைச் சிறிதாகக் கட்டுங்கள். கூடவே ஒரு பிடி அவித்த கடலையோ ஒரு முட்டையோ, முழு வெள்ளரிக்காயும் ஒரு பழமும் இருக்கட்டும். வயிறும் நிறையும், சர்க்கரையும் மளமளவென்று ஏறாது.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்குச் சில சொற்கள். பயணத்தில் மருந்தை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்துவிடும். குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, மருத்துவ உதவி தேடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது. இன்சுலின் மருந்தைக் காரில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் அதன் வலிமை கெட்டுவிடும். விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளவேண்டும்.

அடுத்தது கால். பத்துமலையில் 272 படிகள். ஆண்டவன் சந்நிதிக்குச் செருப்பில்லாமல்தான் போகிறோம். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போகும். எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் நண்பகல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு பால்குடம் எடுத்துப்போனார். சூடே தெரியவில்லை, எல்லாம் முருகன் அருள் என்று மகிழ்ந்தார். இரவு அவர் மனைவிதான் உள்ளங்காலில் கொப்புளங்களைக் கண்டார். ஒரு விரலை எடுத்தபிறகே புண் ஆறியது. அவருடைய பக்தியில் குறையில்லை. சூட்டை அறிவிக்கவேண்டிய நரம்புதான் முன்பே ஊமையாகியிருந்தது. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள். கோயில் எல்லைவரை செருப்பணிந்து போங்கள். திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவின் பாதத்தைப் பேரன் பார்ப்பதும் ஒரு பாதபூசைதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "பயணமே வேண்டாம் சாமி, வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஆண்டு முழுதும் ஒரே தோட்டம், ஒரே வேலை என்று ஓடுகிற குடும்பத்துக்குப் பயணம் பெரிய மருந்து. உறவைப் பார்க்கிறோம், புதிய ஊரைப் பார்க்கிறோம், பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். முன்பு லோரியில் நெருங்கி உட்கார்ந்து போன வழியில், 2010 முதல் கொமுட்டர் ரயில் பத்துமலை அடிவாரத்துக்கே வருகிறது. சன்னலோரம் பிள்ளைகளை உட்காரவையுங்கள். வண்டியில் வாந்தி வரும் பிள்ளைக்குப் புறப்படுமுன் எண்ணெய்ப் பண்டம் கொடுக்காமல், தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். காரில் போவோர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். காலில் நீர் கோக்காது, ஓட்டுபவரின் கண்ணும் அயராது. நல்ல நிழல் கண்ட இடத்தில் பாய் விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, எல்லாரும் சேர்ந்து உண்ணுங்கள். அந்த இன்பம் எந்த உணவகத்திலும் கிடைக்காது.

புறப்படுமுன் வீட்டில் செய்யவேண்டிய ஒன்று பாக்கி. நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், அதற்கு முன்னரும் உடல் பருத்தவர்களும், பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர்களும், அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு இரத்தம், சிறிது நேரம். அவ்வளவுதான்.

தொடங்கிய பழமொழிக்கே திரும்புகிறேன். என் பாட்டி அம்மாவுக்குப் புளிச்சோறு கட்டச் சொல்லிக் கொடுத்தார். ஏன் புளிச்சோறு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டிக்கும் அது தெரிந்திருக்காது. காரணம் தெரியாததால், சின்னம்மா ஆசையோடு ஒரு மாற்றம் சொன்னபோது அம்மாவால் மறுக்க முடியவில்லை. சொல்லிக் கொடுத்த சொல் அன்றோடு தீர்ந்துபோயிற்று. தம்பி மருத்துவமனையில் கிடந்தான்.

இன்று என் தம்பிக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இன்றும் பயணத்துக்குப் புளிச்சோறுதான். தேங்காய்ப்பால் சோறு கேட்கும் பிள்ளைகளிடம், "வீட்டில் ஆக்கிச் சூடாகச் சாப்பிடுவோம், வழிக்கு அது வராது" என்று சொல்லி, ஏன் வராது என்பதையும் சொல்கிறார்கள். கட்டிக் கொடுத்த சோறு மாலைவரைதான் வரும், நேயர்களே. காரணத்தோடு சொல்லிக் கொடுத்த சொல் பேரப்பிள்ளைகள்வரை வரும்.

அடுத்த பயணம் உங்களுக்கு இனிதாக அமையட்டும். வணக்கம்.